சில்வண்டுகளின் வேலைநிறுத்தம்

இதனால் போடிநாயக்கனூர் நகரவாசிகளுக்கும், சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அடுப்படி வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும் என் மகனுக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டுக்குப் பின்னால் இலவந்தோப்பில் குடியிருக்கும் சில்வண்டுகள் அனைத்தும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியுள்ளன. கோரிக்கை இன்னதென்று தெரியவில்லை. பேச்சுவார்த்தைக்கு எந்த வண்டும் முன்வரவில்லை. சாயங்கால இரைச்சலுக்குப் பொதுமக்கள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

மேற்படிச் செய்தியைப் படித்ததும் உன் உதடு கொஞ்சமாவது நெளிந்ததா அப்பு? நெளிந்திருந்தால் நான் பிழைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ சிரிக்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. பேசினாலும் சோற்று உருண்டைக்குள் வைத்துப் பேசுகிறாய், எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உறையை ஒட்டப்போவதில்லை. உன் அம்மா படிக்கட்டும், திங்கட்கிழமை உன்னை ஜீப்பில் ஏற்றிப்போக வருகிற உன் மாமாவும் படிக்கட்டும். இந்த வீட்டில் என் வாயை மூட முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். என் உறையும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

நடந்ததைத் திரும்ப ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டபடி. அன்றைக்கு நம் மைக் செட் கடையில் நான் ஒரு பழைய குழாய் ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கிதாரோடு வந்து கடைக்கதவைப் பாதி சாத்தினாய். "அப்பா, ஒரு பாட்டு. சொந்தப் பாட்டு. கேட்டுட்டு உள்ளதச் சொல்லுங்க" என்றாய். முழுக்க வாசித்துப் பாடி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாய். நான் சொன்னேன்: "கட்டவிரல் நல்லா ஓடுது அப்பு. ஆனா மேல் கம்பில ஒண்ணுமே நடக்கலையே. பாட்டுல உசுரு இல்ல." நீ குழம்பிப்போய், "மேல் கம்பியிலயா? அங்கதானப்பா எல்லாமே நடக்குது" என்றாய். அதற்கு நான், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி, "என் காதுக்குத் தெரியாதாடா?" என்றேன். நீ எழுந்து வீட்டுக்குப் போனாய். கிதாரைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினாய். ராத்திரிச் சோற்றின்போது, "மாமாகிட்டச் சொல்லிருங்கம்மா. அந்த எஸ்டேட்டு சூப்பர்வைசர் சோலிக்கு நான் வர்றேன்" என்றாய். மதுரைக் கல்லூரியில் உன்னோடு வாசித்த பிள்ளைகள் மதராஸில் ஒரு அறை பிடித்து, சினிமாப் பாட்டே இல்லாமல் சொந்தப் பாட்டு மட்டும் பாடுகிற குழு ஒன்றைத் தொடங்கி உன்னை வரச்சொல்லிக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'வரவில்லை' என்று எழுதிய கார்டு உன் சட்டைப்பையில் இருக்கிறது. இன்னும் தபாலில் போடவில்லை என்றும் உன் அம்மா சொன்னாள். ஏண்டா என்று அவள் கேட்டதற்கு, "அப்பா காதுக்கே புடிக்கலைன்னா யாரு காதுக்கும்மா புடிக்கப்போவுது?" என்றாயாம். அந்த ஒரு வாக்கியம் என்னைச் சந்தோஷப்படுத்தியதா, பயமுறுத்தியதா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான். முதலில் சந்தோஷம், அப்புறம் பயம். அந்த வரிசையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று பார்ப்போம். என் பெருமையை நானே சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை. என் சின்ன வயதுச் சேட்டைகளைத் தாங்கமுடியாமல் உன் தாத்தா, "இந்தப் பய ஒருநாள் கம்பி எண்ணத்தான் போறான்" என்பார். அவர் வாக்குப் பொய்க்கவில்லை. எண்ணினேன், ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. மலைமேல் ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து, உடைந்த நாற்காலி, பூப்போட்ட பீங்கான் இவற்றோடு ஒரு கிதாரையும் ஏலம் விட்டார்கள். எடுத்தவர் காதரின் அத்தா. அவர் ஏலக்காய் வியாபாரி. ஏலம் என்று எங்கே சத்தம் கேட்டாலும் காயா கிதாரா என்று பார்க்காமல் கையைத் தூக்கிவிடுவார். காதர் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, அந்தக் கிதாரை என் கையில் தந்தவன் அவன்தான். நாங்கள் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் பாடினால் தெருவில் போகிற மாடு நின்று கேட்கும். நான் வாசித்தால் அந்த மாடு கிளம்பிவிடும். அப்படியொரு பொருத்தம். கற்றுக்கொடுக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. டீக்கடை ரேடியோவில் எப்போதாவது ஓர் இங்கிலீஷ் பாட்டு தவறி வந்து விழும். கிளாஸ் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே அதைக் காதால் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து கம்பியில் தேடுவேன். தெருவில் கூச்சல் அதிகமாக இருந்தால் தாடையைக் கிதாரின் தோளில் அழுத்திக்கொண்டு வாசிப்பேன். சத்தம் எலும்பு வழியாக நேரே மண்டைக்குள் வந்துவிடும். காதர் அதைப் பார்த்து, "ஏன் மாப்ளே, பசிக்குதுன்னா கேளு, பன்னு வாங்கித் தர்றேன், கட்டையக் கடிக்காத" என்பான்.

எங்கள் மெல்லிசைக் குழு இப்படித்தான் பிறந்தது. நீயும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் பிறந்தாய். இருவரில் யார் அதிகம் கத்தினீர்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொள். குழுவின் முதல் மேடையிலேயே நான் மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த பொதுமக்களே, ஓர் அவசர அறிவிப்பு. விழாக் குழுத் தலைவர் வீட்டு எருமை சற்றுமுன் கன்று ஈன்றது. தாயும் சேயும் நலம். தலைவர் மட்டும் சற்றுக் களைப்பாக இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். தலைவர் செருப்பைத் தேடினார். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அன்றிலிருந்து எங்கே போனாலும் பாட்டுக்கு முன்னால் என் அறிவிப்பு உண்டு. பாட்டு சுமாராகப் போனால் சமாளிக்க அது உதவும். அந்தப் பழக்கம்தான் இந்தக் கடிதத்தின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஏலக்காய் ஸ்டோர் கதைக்கு வருகிறேன். அரைகுறையாகத்தான் நீ கேட்டிருப்பாய். மலைமேல் ஓர் எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லயத்துக் குடியிருப்பு அம்மன் கோயில் பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல மழைக்காலம், ஏலக்காய் எடுப்புத் தொடங்கியிருந்த நேரம். ஜீப்பு வளைவு வளைவாக ஏறி மேலே போய்ச் சேர்வதற்குள் சாரலும் பனியும் கிதாருக்குள் புகுந்து, மரம் ஊறி, கம்பி தளர்ந்து, தட்டினால் ஈரப் பறை மாதிரி 'தொப்'பென்றது. ராத்திரி நிகழ்ச்சி. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். காதர் ஏலக்காய் வியாபாரி மகனாயிற்றே. அவன் வழியில் யோசித்தான். "மாப்ளே, இங்க ஈரமா எது வந்தாலும் எங்க போடுறாங்க? ஸ்டோர்ல. பச்சைக்காயே சலங்கை மாதிரி காஞ்சு வெளிய வருது. கிட்டார் காயாதா?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இந்த மலையில் பிழைக்கிற யாருக்கும் நியாயமாகத்தான் படும். விறகு எரிந்து இரும்புக் குழாய்கள் கொதித்துக்கொண்டிருந்த அந்த உலர்த்தும் அறைக்குள், பச்சைக்காய் பரப்பிய தட்டுகளுக்கு நடுவே கிதாரை மல்லாக்கப் படுக்கவைத்தோம். தீ பார்க்கிற குட்டப்பன், மலையாளத்துக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா தம்பிகளே இது? ஏலக்காயில இப்பிடி ஒரு சாதி ஞான் கண்டிட்டில்லா!" என்றார். "புது ரகம் சேட்டா. ஒரே காய்தான் காய்க்கும், ஆனா பெருசா காய்க்கும்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு இன்னும் இரண்டு விறகைத் தள்ளினார்.

வெளியே எடுத்தபோது கிதார் நன்றாகவே காய்ந்திருந்தது. முதுகுப் பலகை ஒரு பக்கம் பசைவிட்டு வாயைப் பிளந்திருந்தது. கழுத்து லேசாக வளைந்திருந்தது. கம்பியைத் தொட்டால் சுத்தமான நாதம் போய், பித்தளைக் கட்டையில் பட்டுப் பட்டு 'இர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். நான் அழுதேன் என்று காதர் ஊரெல்லாம் சொன்னான்; ஏலக்காய்ப் புகை கண்ணில் பட்டது, அவ்வளவுதான். வேறு கிதார் கிடையாது. மேடையேறி அதையே வாசித்தேன். அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. அப்புறம் எரிச்சலில் மேல் கம்பிகளை, மெல்லிசான அந்த இரண்டையும், விரல் வைக்காமல் சும்மா இரையவிட்டுவிட்டு, கீழ்க் கம்பிகளில் கட்டைவிரலால் மட்டும் நடந்தேன். அப்பு, அது என்ன சத்தம் என்று உனக்குச் சொல்கிறேன். ஏலச்செடி தரையோடு பூக்கும். குனிந்து செடிக்குள் தலையை விட்டால் தேனீக்கள் இரைவது கேட்கும். நாளெல்லாம் குனிந்தே கிடந்துவிட்டு வந்த பெண்கள், அந்தச் சத்தம் மேடையிலிருந்து வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எருமை அறிவிப்புக்குக்கூட அவ்வளவு கூட்டம் என்னைப் பார்த்ததில்லை.

அந்த இரைச்சலை வைத்துத்தான் நான் சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தேன். உன் அம்மா அப்போது காய் எடுக்க ஜீப்பில் மேலே போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் பனிமூட்டம் இறங்கி ஜீப்பு ஏதோ ஒரு வளைவில் நின்றுவிட்டது. இருட்டி வெகுநேரமாகியும் வரவில்லை. நீ பசித்து வீறிடுகிறாய், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மலையையே பார்த்து நிற்கிறேன். எங்கள் தெருவே நின்றது. ஒரு விளக்காவது கீழே இறங்கி வராதா என்று எல்லாருக்கும் கண் அங்கேயே. அன்றைக்கு வாயில் வந்தது இது:

*ஏறுன ஜீப்பு எறங்கலையே,*
*எறங்குன மேகம் ஏறலையே...*

ஜீப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. மறுவாரம் மேடையில் பாட்டைக் கேட்ட உன் அம்மா, "பாட்டு எனக்காகவா, ஜீப்புக்காகவா? என் பேரு எங்கயும் காணோமே" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் அந்தப் பாட்டு பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. அந்த வாசிப்புக்குப் பெயரே 'போடிமெட்டு' என்று ஆகிவிட்டது. ஊர் உலகத்துக்குப் போடிமெட்டு என்றால் மலையுச்சியில் இருக்கிற இடம். கிதார்க்காரனுக்கு அது நான் போட்ட மெட்டு. ராசிங்காபுரத்தில் ஒருவன் அந்த இரைச்சல் வரவேண்டுமென்று கம்பிக்கு அடியில் தீக்குச்சி செருகினான். பொட்டிபுரத்தில் ஒருவன் தன் கிதாரைச் செங்கல் சூளை ஓரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது கம்பிகள் மட்டும் இருந்தன. ஒரு கலைஞனின் செல்வாக்கு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தப் பொட்டிபுரத்துக்காரனைக் காட்டுவேன்.

என் காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தீர்ப்புச் சொன்னது அதுதானே. எந்தத் தெருவில் எந்தக் குழாய் பிசிறடிக்கிறது என்று சாப்பிடுகிற இடத்திலிருந்தே சொல்வேன். என் இரைச்சல் டிரம்முக்கு மேலே எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக மேடையில் எப்போதும் குழாய் ஸ்பீக்கரை ஒட்டித்தான் நிற்பேன். காதர், "தள்ளி நில்லு மாப்ளே, காது என்னத்துக்காகும்?" என்பான். "இந்தக் காது எஸ்டேட்டு ஜீப்பு மாதிரி, எந்த மேட்டுலயும் ஏறும்" என்பேன். நிகழ்ச்சி முடிந்ததும் காது கும்மென்று அடைத்துக்கொள்ளும். மலையேறும்போது அடைக்குமே, அதே மாதிரி. எச்சிலை விழுங்கினால் 'டப்'பென்று திறந்துவிடும். நாமெல்லாம் தவழும்போதே கற்றுக்கொண்ட வைத்தியம். இப்போதும் அடிக்கடி அடைக்கிறது. விழுங்கிக்கொள்கிறேன்.

குழு எப்படி முடிந்தது என்று நீ கேட்டதேயில்லை. நான் சொல்லவுமில்லை. ராசிங்காபுரத்தில் ஒரு திருவிழா. ஜீப்புப் பாட்டு பாதியில் போகும்போது விழாக்காரர் ஒருவர் மேடையேறி மைக்கை நிறுத்தினார். "ஏப்பா, மனுசன் சந்தோசமா இருக்க வந்தா எழவு வீடு மாதிரி இழுக்குறீங்க? வெரசா ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிடுங்கப்பா" என்றார். காதர் என்னைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். நான் கிதாரைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். பின்னால் காதர் தனியாக, கிதார் இல்லாமல், வெறும் டிரம்மை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்ட பாட்டையெல்லாம் பாடி முடித்தான். குரல் ஓரிடத்தில் உடைந்தது. அதுவும் என் காதில் விழுந்தது. நான் நடந்துகொண்டே இருந்தேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தேன். மேடையில் நின்றவன்தான் குழுவைக் காப்பாற்றினான் என்பது எனக்கு உறைப்பதற்குள் அவனுக்கு சவுதிக்கு விசா வந்துவிட்டது. கிளம்புகிற அன்றைக்கு வீட்டுக்கு வந்தான். நீ அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாய். "ஒரு தடவ வாசி மாப்ளே, கேட்டுட்டுப் போறேன்" என்றான். "கம்பி அறுந்திருக்கு" என்றேன். அறுந்திருந்தது என்னவோ உண்மைதான். மாற்றுக் கம்பி அலமாரியில் இருந்ததும் உண்மை. உன்னோடு மதராஸில் பாடப்போகிறவன் ஒருநாள் கூட்டம் கேட்டதைப் பாடினால், அவனைத் தனியாக விட்டு இறங்காதே அப்பு. அவன் பக்கத்தில் நின்று அந்தக் கண்றாவிக்கும் வாசி. வீட்டுக்கு வந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அதன்பிறகு நான் மைக் செட் கடை வைத்ததும், அடுத்தவன் குழுவுக்குக் குழாய் கட்டப் போனதும் உனக்குத் தெரியும். கம்பம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன், உன் வயதிருக்கும், மேல் கம்பிகளை இரையவிட்டுக் கட்டைவிரலால் நடந்துகொண்டிருந்தான். நான் ஏணியிலிருந்து இறங்கினேன். "தம்பி, இது என்ன அடி?" என்றேன். "இதுதாண்ணே போடிமெட்டு. இந்தப் பக்கம் எல்லாரும் அடிக்கிறதுதான்." "யாரு கண்டுபிடிச்சது?" "யாரோ ஒரு ஆளுண்ணே. செத்துப்போய்ட்டாராம்." "அய்யய்யோ. எப்பிடி?" "ஏலக்காய் ஸ்டோருக்குள்ள போயி அவிஞ்சு போய்ட்டாராம்ணே." நான் வயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பாவம். நல்ல மனுசன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் பஸ்சில் நான் சிரிக்கவில்லை.

ஆகவே மகனே, தீர்ப்பை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. செத்துப்போனவன் காதாக இருந்தாலும் அது போடிமெட்டைப் போட்ட காது. அந்தப் பாட்டில் உயிர் இல்லைதான். ஆனால் ஒரு பாட்டில் உயிர் இல்லாததற்காகவா கிதாரையே பரணில் போடுவாய்? மதராசுக்குப் போ. இந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு கட்டு. மேல் கம்பியை...

இதுவரை நேற்று, சனிக்கிழமை சாயங்காலம் எழுதியது. 'மேல் கம்பியை' என்பதற்குப் பிறகு என்ன எழுத நினைத்தேன் என்று மறந்துவிட்டது. மறக்காமல் இருந்தாலும் எழுத எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. பின்கட்டுக்குக் கை கழுவப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க யோசன?"

"இல்ல, இந்தச் சில்வண்டுகெல்லாம் எங்கதான் போச்சு? ஒரு வாரமா சத்தத்தையே காணோம்."

"பிள்ளைகிட்டப் பேசுறத விட்டுட்டு சில்வண்டத் தேடுறீங்களாக்கும்" என்று ஆரம்பித்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நெசமாவே கேக்கலையா?"

"எது?"

"காதப் பொளக்குதுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் பிறத்தியாரை ஏமாற்றுகிற இலாகா என்னுடையதாயிற்றே, இவள் எப்போது அதில் சேர்ந்தாள் என்று. அவள் சிரிக்கவில்லை. "செவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க. நான் வளையலக் குலுக்குறேன். கேக்கும்போது சொல்லுங்க" என்றாள். திரும்பி நின்றேன்.

"இப்ப?"

"கேக்குது."

"இப்ப?"

"கேக்குது."

"இப்பங்க?"

"நல்லாவே கேக்குதுடி, போதும் நிறுத்து."

திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "நான் குலுக்கவே இல்லீங்க" என்றாள். என் வாழ்நாளில் எத்தனையோ பேரை ஏய்த்திருக்கிறேன்; இப்படி ஒரு குறும்பை எனக்குச் செய்தவர் யாருமில்லை. செய்தவள் கண் கலங்கிப்போய் நின்றாள், அதுதான் வித்தியாசம்.

அப்புறம் அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கடைக்கதவு பாதி சாத்தியிருந்ததால் வெளியிலேயே நின்று உன் பாட்டை முழுக்கக் கேட்டிருக்கிறாள். "அந்த மெல்லிசு கம்பி ரெண்டுலயும் வச்சு இழைச்சான் பாருங்க, ஊசியில நூல் கோத்த மாதிரி. எனக்கு அந்த வீதியில நின்னே அழுக வந்துருச்சு. அது உங்க ஜீப்புப் பாட்டுல வர்ற இரைச்சல்தானே? அதத்தானே பிள்ள எடுத்து வச்சிருந்தான்? நீங்க அவனப் பாத்து உசுரு இல்லைன்னீங்க."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"உங்க காதப் பத்தி நீங்க சொல்றதத்தான நானும் இத்தன வருசமா நம்பிக்கிட்டு இருக்கேன்."

அப்பு, நீ அன்றைக்கு என்னிடம் எடுத்துவந்தது என் போடிமெட்டை. நான் விட்ட இடத்திலிருந்து எடுத்து, உனக்கு வேண்டியபடி மெல்லிசாக இழைத்து, இது சரியா என்று கேட்க வந்திருக்கிறாய். அது என் காதில் விழவேயில்லை. உன் கட்டைவிரல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. நீ சோற்றுக்குள் வைத்துப் பேசவில்லை. எனக்கு உன் குரலில் பாதிதான் வந்துசேர்கிறது. காது அடைத்திருக்கிறது, விழுங்கினால் திறந்துகொள்ளும் என்று எவ்வளவு காலமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. சந்தேகம் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் அதையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். மலையிலிருந்து இறங்கி எத்தனையோ வருஷமாகியும் காது மட்டும் மேலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது.

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும். உன் அப்பன் எவ்வளவு பீற்றிக்கொள்வான் என்பதற்கு உன்னிடம் ஒரு சாட்சி வேண்டும். நீ குளிக்கப் போயிருந்தபோது பரணிலிருந்து கிதாரை இறக்கிக் கடை மேசையில் வைத்திருக்கிறேன். சுதி சேர்த்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். கீழ்க் கம்பிகள் நான்கும் என் பேச்சைக் கேட்டன. மேல் கம்பிகளுக்கு வந்ததும் முறுக்கினேன், முறுக்கினேன், சரியாக இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் பயந்து கையை எடுத்துவிட்டேன். அவை இரண்டையும் நீதான் சேர்க்கவேண்டும். சேர்த்துவிட்டு அந்தப் பாட்டை எனக்கு இன்னொரு தடவை வாசி. இந்த முறை என் தாடையைக் கிதாரின் தோளில் வைத்துக்கொள்கிறேன். கட்டையைக் கடிக்கிறேன் என்று நீயும் கேலி செய்துகொள். அப்போதும் எனக்குக் கேட்காமல் போகலாம். போனால் அது என் பாடு.

நாளைக் காலையில் உன் மாமாவின் ஜீப்பு வாசலுக்கு வரும். உனக்கு மலைதான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக ஏறு. உன் அம்மா ஏறிய ஜீப்புதான், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் என் காதை நம்பி மட்டும் ஏறாதே. அந்தக் கார்டைத் தபாலில் போடுமுன் ஒருமுறை கடைக்கு வா. சவுதிக்குக் கிளம்பியபோது காதர் கேட்ட மாதிரி நானும் கேட்கிறேன்; ஒரு தடவை வாசி. கம்பி அறுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே. மாற்றுக் கம்பி அலமாரியில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு திருத்தம். இக்கடிதத்தின் தொடக்கத்தில் வெளியான சில்வண்டுகள் வேலைநிறுத்தம் பற்றிய செய்தி வாபஸ் பெறப்படுகிறது. அவை ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கின்றனவாம். இப்போதுகூட இலவந்தோப்பு அதிர்கிறதாம்.

தகவல்: உன் அம்மா.